மொட்டை மாடியில் ஒரு கேஸ் கணப்பு

கேள்வி: குளிர் காய மாடியில் கேஸ் கணப்பு வைத்திருக்கிறோம். மழைக்காலம் முடிந்து பற்றவைத்தால் கரும்புகையாகக் கக்குகிறது. ஏன்? (ஒரு வாசகி, லேக் மார்க்கெட், கொல்கத்தா)

பதில்: 1857-லேயே தெருவில் கேஸ் விளக்கு ஏற்றிய ஊர் உங்களுடையது. இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்ததும் அங்கேதான், 1965 அக்டோபரில். அவ்வளவு மூத்த விருந்தாளிக்கு மூச்சுமுட்டலாமா?

சுடர் மஞ்சளாக இருந்தால் பயமில்லை. கணப்பில் அது இயல்பு. கரி படிந்தால்தான் கோளாறு, அதாவது காற்று போதவில்லை. மழை மாதங்களில் காற்று நுழையும் துவாரத்தில் சிலந்தி வாடகை தராமல் குடியேறியிருக்கும். சிலிண்டரை மூடி, எல்லாம் ஆறியபின் மெல்லிய பிரஷ்ஷால் காலி செய்யுங்கள். பர்னர் துளைகளில் துருவையும் தட்டி எடுங்கள். சுடரைச் சுற்றிப் பரப்பியிருக்கும் எரிமலைக் கற்களை நன்றாக வெயிலில் காய வையுங்கள். ஈரக்கல் சூட்டில் வெடிக்கும்; ஆற்றுக் கூழாங்கல்லை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

டியூப்பிலும் ரெகுலேட்டரிலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. டியூப் வெடித்திருந்தால் ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் சமையலுக்கு மட்டுமே. கணப்புக்கு வணிகச் சிலிண்டர் வாங்குங்கள். குளிர் எவ்வளவு கடித்தாலும் கணப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கேஸுக்கு உண்டு, அது மூக்கில் பட்டால் சிலிண்டரை மூடிவிட்டு, தள்ளி நின்று 1906-ஐ அழையுங்கள்.