வாசல் விளக்கை அணையுங்கள்

கேள்வி: மறையூரில் இருக்கிறேன். கையில் செல்போன் மட்டும்தான். நட்சத்திரங்களையும் தோட்டத்து அந்துப்பூச்சிகளையும் படமெடுக்க ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில்: அந்துப்பூச்சியில்! நல்ல கேமரா வாங்கும்வரை நட்சத்திரம் காத்திருக்கும். அட்லஸ் அந்துப்பூச்சி காத்திருக்காது. உள்ளங்கையைவிடப் பெரிய சிறகு இருந்தும் அதற்கு உண்ண வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துச் சில நாள்தான் வாழும். இரவில் விளக்கைத் தேடி வந்து, விடிந்தும் சுவரில் ஒட்டியிருக்கும். காலை வெளிச்சத்தில், தொடாமல், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். அன்றிரவு வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். பூச்சிக்கும் விடுதலை, வானத்துக்கும் விடுதலை.

வான விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். பாலக்காட்டுக்காரர்கள் குடைபிடிக்கும் ஜூலையிலும் மழைமறைவுப் பகுதியான உங்கள் ஊரில் மழை குறைவு. பால்வீதியின் மையம் லண்டனில் அடிவானத்திலிருந்து 10 பாகைகூட ஏறாது. உங்களுக்கு 50 பாகை ஏறும்! மார்ச், ஏப்ரலில் விடியலுக்கு முன் தெற்கே பாருங்கள். மே மாதம் இரவு 9 மணிக்கு அதே தெற்கில் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும்.

போனை ஆடாமல் நிறுத்தி, டைமர் வைத்து, 20 நொடி வரை ஷட்டரைத் திறந்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் பூமி சுழல்வது படத்தில் கோடாகத் தெரியும். மொட்டை மாடியே போதும். சின்னார் காட்டுச் சாலையில் இரவில் இறங்காதீர்கள், அது யானைகள் நடக்கும் நேரம்.