'நெக்ஸ்ட்' எப்போது வரும்?

கேள்வி: அலுவலக விதிமுறைகள் பற்றிய ஆன்லைன் பயிற்சியில் ஊழியர்கள் தூங்காமல் இருக்க வழி உண்டா?

பதில்: யார் தூங்குகிறார்கள்? ஒரு ஜன்னலில் வீடியோ ஓட, இன்னொன்றில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தபடி, 'நெக்ஸ்ட்' பட்டனுக்காக விழிப்போடுதான் காத்திருக்கிறார்கள். கோளாறு ஊழியரிடம் இல்லை, பயிற்சியின் நோக்கத்தில். உதாரணத்துக்கு, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை அவ்வப்போது நடத்தச் சொல்கிறது. நிறுவனங்கள் பலவும் அதைச் 'சான்றிதழ் சேகரி' என்று படித்துக்கொள்கின்றன. சட்டம் வந்தது 2013 என்று சரியாக டிக் செய்பவருக்கு, புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் தரவேண்டும் என்பது தெரியாமலே போகலாம். எனவே பாடத்துக்கு முன்னால் சிக்கலை வையுங்கள். இரவு 11 மணிக்கு மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப்: 'டிபி சூப்பர்!' மறுநாளும் அதே. பக்கத்து சீட்டுக்காரர் நீங்கள், என்ன செய்வீர்கள்? தப்பாகத் தேர்ந்தெடுத்தவர் அதன் விளைவை அடுத்த திரையில் பார்க்கட்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதே நெடுநாள் நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள்.

கதையாக்கினால் விஷயத்தின் கனம் குறையாதா என்பார்கள். புள்ளி, பேட்ஜ், லீடர்போர்டு என்று இறங்கினால் குறையும்தான். துன்புறுத்தலுக்கு முதல் பரிசு கொடுப்பது அபத்தம். நிஜத்தை ஒட்டிய கதை வேறு ரகம். இந்தச் சட்டத்துக்கு முன்னோடியான உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பே, ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து கிளம்பியதுதானே! மனிதவளத் துறையினரே, கடைசித் திரையில் பட்டாசு வெடிக்க வேண்டாம். உள்ளகக் குழுத் தலைவியின் தொலைபேசி எண்ணைப் போடுங்கள்.