நன்றாகத் தூங்குங்கள், வீராங்கனைகளே!

தூக்கம் வரவில்லையா? டாக்டர்கள் சொல்வதைக் கேளுங்கள். படுக்கையறை இருட்டாக, அரவமில்லாமல் இருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும். கவலைகளை மூட்டை கட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும்.

ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு இதில் ஒரு சின்னச் சந்தேகம்: படுக்கையறை என்றால் எது? 2017-ல் ‘மிஷன் ஃபார் மைக்ரன்ட் வொர்க்கர்ஸ்’ என்ற தொண்டு அமைப்பு அவர்கள் படுக்கும் இடங்களைப் படத்தோடு வெளியிட்டது. ஒருத்திக்கு ஃபிரிட்ஜுக்கும் மைக்ரோவேவுக்கும் மேலே ஒரு பொந்து. ராத்திரி முழுக்க மோட்டார் தாலாட்டுப் பாடும், இலவசமாக. இன்னும் சிலருக்குக் கழிவறை, பால்கனி, சாமான் அறை.

ஹாங்காங் அரசு சும்மா இருக்குமா? வேலைக்காரிக்குத் தகுந்த இடமும் ஓரளவு மறைவும் தர வேண்டும் என்று ஒப்பந்தப் படிவத்திலேயே அச்சடித்து வைத்திருக்கிறது. எத்தனை சதுர அடி என்பதை மட்டும் எழுதவில்லை. வீட்டு விலையைச் சதுர அடிக் கணக்கில் சொல்லி உலகத்தையே வாய் பிளக்க வைக்கிற ஊர் அது. வேலைக்காரி கால் நீட்டும் இடம் என்றதும் அளவு நாடா தொலைந்துபோயிற்று.

சரி, வெளியே நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துப் படுத்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? கூடாது. 2003 முதல், முதலாளி வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்பது விதி. இதை எதிர்த்து ஒரு பிலிப்பைன்ஸ் பெண் நீதிமன்றம் போனார். 2018-ல் தள்ளுபடி. 2020-ல் மேல்முறையீடும் தள்ளுபடி. பிடிக்காவிட்டால் வேலையை விடலாம், யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. விட்டால் 2 வாரத்தில் நாட்டை விட்டும் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி வீட்டுக்குள்ளேயே கட்டாயமாகக் குடியிருப்பவள் அந்த ஊரில் குடியிருப்பவள்தானே? அதுவும் இல்லை. மற்ற வெளிநாட்டவர் 7 வருடம் இருந்தால் நிரந்தர வாசம் கேட்கலாம். 1986-லேயே வந்துவிட்ட எவாஞ்சலின் வல்யெஹோஸ் என்ற பணிப்பெண் கேட்டபோது, வீட்டுப் பணியாளர் எத்தனை வருடம் இருந்தாலும் அது ‘சாதாரணமாகக் குடியிருப்பது’ ஆகாது என்று 2013-ல் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது. ராத்திரி வேறெங்காவது தூங்கினால் குற்றம். முப்பது வருடம் அங்கேயே தூங்கினாலும் அவள் அங்கே வசிக்கவில்லை. சட்டம் படித்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

அடுத்து, நேரத்துக்குப் படுப்பது. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்ற வரம்பே சட்டத்தில் கிடையாது. மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி தரும் சட்டம் 2011-ல் வந்தபோதும் வீட்டோடு இருக்கும் பணியாளர்களை வெளியே நிறுத்தினார்கள். காரணம் கேளுங்கள்: அவர்கள் 24 மணி நேரமும் வீட்டிலேயே இருக்கிறார்களாம், எது வேலை எது ஓய்வு என்று கணக்கிட முடியாதாம்! அடைத்து வைத்தவனே, அவள் எப்போதும் உள்ளேதானே இருக்கிறாள் என்கிறான். மாதச் சம்பளத்துக்கு ஒரு தரைமட்டம் உண்டு; 2024 செப்டம்பரில் அது 4,990 ஹாங்காங் டாலர்.

கவலை மூட்டை? அதைக் கட்டிக் கொடுத்ததே சொந்த நாடு. வீட்டு வேலைக்குப் போகிறவர்களிடம் ஏஜென்ட் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2006-லேயே மணிலா தடை போட்டது. ஏஜென்சிகள் அடிபணிந்தன, அதே பணத்தைப் பயிற்சிக் கட்டணம் என்று வாங்குகின்றன. கடனோடுதான் விமானம் ஏறுகிறாள். ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஃபோனில் மகள் முகம் தெரியும். ஸ்கூல் ஃபீஸ், பாட்டிக்கு மருந்து, ஒழுகுகிற கூரை. அப்புறம் தூங்க வேண்டும், நிம்மதியாக.

1974-ல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ், வேலையில்லாத் திண்டாட்டத்துக்குத் தற்காலிக ஏற்பாடாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். அப்பா போட்ட தற்காலிகக் கடையை இப்போது மகன் நடத்துகிறார். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பி 2024-ல் கல்லாவில் விழுந்தது 3,400 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். நடுவில் 1988-ல் அன்றைய அதிபர் கொராசோன் அகினோ ஹாங்காங் போய், பணிப்பெண்களைப் பார்த்து ‘புதிய வீரர்கள்’ என்று புகழ்ந்தார். பட்டத்துக்குச் செலவில்லை. வெற்றுத் தரையில் விரிக்கப் பாய் வாங்கவும் அது உதவாது.

இத்தனைக்கும் பிறகு, இந்தப் பெண்களுக்கு மன அழுத்தம், தூக்கக் குறைவு என்று அறிஞர்கள் கண்டுபிடிக்கிறார்கள். மூச்சை இழுத்து விடும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறார்கள். பயிற்சியை என்றைக்கு வைப்பது? ஞாயிற்றுக்கிழமைதான். சென்ட்ரல் பகுதியில் ஹெச்.எஸ்.பி.சி. வங்கித் தலைமையகத்தின் அடியிலும் சாட்டர் சாலையிலும் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அவர்கள் முதுகைச் சாய்க்கிற அந்த ஒரே நாளில், எழுப்பி உட்கார வைத்து, ஓய்வெடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கலாம். சீக்கிரம் முடித்துவிட வேண்டும். வார ஓய்வு 24 மணி நேரம் என்கிறது சட்டம். பல வீடுகளில் அது ராத்திரி 9 மணியோடு சரி. காலையிலிருந்து சாப்பிட்ட தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு அவளுக்காகக் காத்திருக்கிறார்கள்.