காபியும் டீயும் பங்காளிகளா?

கே: காபியிலும் டீயிலும் ஒரே காஃபீன்தானாமே! அப்படியானால் இரண்டு செடியும் பங்காளிகளா?
– வாசகர், நீடாமங்கலம்

ப: பங்காளியும் இல்லை, சம்பந்தியும் இல்லை! ஏற்காட்டுக் காபியும் குன்னூர்த் தேயிலையும் வெவ்வேறு குடும்பம். காஃபீன் செய்யும் வித்தையைத் தனித்தனியாகத்தான் கற்றுக்கொண்டன. 2014-இல் ரொபஸ்டா காபியின் மரபணுத் தொகுதி வெளியானபோது இது இன்னும் தெளிவானது.

சாந்தோசின் என்ற பொருளில் மெத்தில் என்னும் சின்னத் துணுக்கைப் படிப்படியாக மூன்று முறை ஒட்டினால் காஃபீன். இரண்டோடு நின்றால் தியோபுரோமின். கோகோவில் நிறைய இருப்பது அதுதான். பழைய மரபணு ஒன்று இரட்டித்து, உபரிப் பிரதி புது வேலைக்குப் போனதில் பிறந்தவை இந்த ஒட்டும் நொதிகள். அதே மரபணுக் குடும்பம் உங்கள் ஊர் நெல்லிலும் உண்டு! அங்கே அது ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனுக்கு மெத்தில் ஒட்டுகிறது. நல்லவேளை, சாப்பாட்டுக்குப் பின் நிம்மதியாகக் கண்ணயர முடிகிறது.

காஃபீனால் செடிக்கு என்ன லாபம்? இலையில் அது பூச்சிக்கு விஷம். பூந்தேனிலோ துளியூண்டு, அது தேனீக்கு ஊக்கம். 2013-இல் வெளியான ஆய்வில், காஃபீன் கலந்த சர்க்கரைநீரோடு ஒரு வாசனையைப் பழகிய தேனீக்களில், 24 மணி நேரம் கழித்தும் அதை மறக்காதவை, வெறும் சர்க்கரைநீரோடு பழகியவற்றைவிட மூன்று மடங்கு.