டிக்கிக்குள் ஒரு நெடுஞ்சாலை

பெறுநர்: நெடுஞ்சாலை மேலிடத்தார், தலைநகர்.

பொருள்: சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் செல்லுதல் – மூட்டை முடிச்சு – சுங்க விலக்கு கோருதல் – தொடர்பாக.

பார்வை: பாஸ்டேக்கில் பணம் கழிந்ததாக என் கைப்பேசிக்கு இடைவிடாமல் வரும் குறுஞ்செய்திகள்.

ஐயா / அம்மையீர்,

பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கன்னியாகுமரி கிளம்புகிறோம். ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று சாவடிப் பெயர்களை என் மகள் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறாள். தமிழ்நாட்டுப் புவியியலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது தாங்கள்தான். நன்றி.

சிக்கல் டிக்கியில். எங்கள் துணிமணி இரண்டு பைகளில் அடங்கிவிட்டது. மீதி இடம் முழுவதும் தாங்கள் சாலையில் வைக்க மறந்தவை.

முதலில் தண்ணீர் கேன், இருபது லிட்டர். அடுத்து சோறு. நல்லெண்ணெய் மிதக்கும் புளியோதரை மறுநாளும் தாங்கும். தயிர்சாதத்துக்கு அம்மா நிறையப் பாலும் ஒரே ஒரு கரண்டித் தயிரும் விட்டுப் பிசைகிறார். விடியுமுன் கிளம்பினால் திருச்சி வருவதற்குள் புளிக்காமல் உறைந்திருக்கும். தங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத தகவல்தான், இருந்தாலும் கோப்பில் கிடக்கட்டும்.

மூன்றாவது பை பெயர் சொல்லப்படாதது. அதில் ஒரு மக்கு, சோப்பு, டெட்டால், பழைய செய்தித்தாள், தாழ்ப்பாள் இல்லாத கதவை உள்ளேயிருந்து இழுத்துக் கட்ட ஒரு முழக் கயிறு. இதையும் நம்பாமல், வீட்டுப் பெண்கள் முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். கார்க் கம்பெனிக்காரர்கள் அச்சடித்துத் தரும் பயணப் பட்டியல் எதிலும் இந்த ஆயத்தம் இல்லை.

தாங்கள் கண்டுகொள்ளவில்லை என்று சொல்லமாட்டேன். 2025 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்ததே! சுங்கச்சாவடியில் அழுக்கான கழிப்பறையைப் படம் பிடித்து அனுப்பினால் பாஸ்டேக்கில் 1,000 ரூபாய். அழுக்கைக் கழுவுவதற்குப் பதில் அதற்குப் பரிசு வைத்த நிர்வாகத் திறமையை நினைத்து நினைத்து வியக்கிறேன். ஆனால் ஒரு வண்டிக்கு ஒரு தடவைதான் என்று விதி போட்டுக் கையைக் கட்டிவிட்டீர்கள். இல்லாவிட்டால் போகவர ஆகும் செலவையும் தாண்டி, ஊரில் ஒரு மனையே வாங்கியிருப்போம்.

இத்தனைக்கும் அடியில் ஸ்டெப்னி படுத்திருக்கிறது. நடுச்சாமத்தில் பஞ்சரானால் முழுக் குடித்தனத்தையும் சாலையோரம் இறக்கியாகவேண்டும். எச்சரிக்கை முக்கோணமும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. அது கைக்கு வருவதற்குள் தண்ணீர் கேனும் தூக்குவாளியுமே போதுமான எச்சரிக்கையாகிவிடும். உதவிக்கு 1033 என்று எழுதி, முன்கண்ணாடியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். இருவரில் யார் முந்துகிறார்களோ பார்ப்போம்.

காற்று அடிக்கும்போது இன்னொரு குழப்பம். முழுச் சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று என்று ஓட்டுநர் கதவோரம் ஸ்டிக்கர் இருக்கிறது. அந்தக் கணக்கு ஐந்து பேருக்கும் அவர்கள் பெட்டிகளுக்கும் போட்டது. கூடவே ஒரு நெடுஞ்சாலையையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு எவ்வளவு என்று தாங்களே ஒரு சுற்றறிக்கை விடலாம்.

கோரிக்கைக்கு வருகிறேன். 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒரு வழியோர வசதி மையம் என்பது தங்கள் திட்டம். எங்கள் காரில் குடிநீர், உணவு, முதலுதவிப் பெட்டி, மேற்படி மூன்றாவது பை எல்லாம் இருக்கின்றன. அதுவும் கிலோமீட்டர் தவறாமல். ஆகவே எங்கள் வண்டியை நடமாடும் வசதி மையமாக அறிவித்து, சுங்கத்திலிருந்து விலக்கு அளிக்கவேண்டும். அது இயலாதென்றால் இன்னொரு வழி உண்டு. பாஸ்டேக் இல்லாமல் ரொக்கத்தோடு வந்தவனிடம் இரண்டு மடங்கு வாங்கினீர்கள். அதே நியாயப்படி, கழிப்பறை இல்லாமல் வருகிற சாலைக்கு நாங்கள் பாதி தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் சரக்கையும் சேர்த்துச் சுமக்கும்
ஒரு கார்க்காரன்

இணைப்பு: கயிறு, ஒரு முழம் (மாதிரிக்காக).

நகல்: அம்மாவுக்கு. நடவடிக்கைக்காக அல்ல, தகவலுக்காக மட்டும். ஊறுகாய் ஜாடிக்கு இனி இடமில்லை.