தோண்டிப் பாக்காதே பேராண்டி

வாடா பேராண்டி, உக்காரு. இன்னா கையில? துக்க வூட்டுல பேசறதுக்கு எழுதின தாளா? நாலு பக்கமா! அடேங்கப்பா, அடக்கத்துக்கு வந்தவங்களையும் சேத்து அடக்கம் பண்ணிடுவ போலக்கீதே.

செத்தவன் யாரு? செங்கம் ரோட்டுக் கடையில காலையில டீ குடிச்சிட்டு, "காசு சாயந்தரம் தர்றேண்ணே"ன்னு வண்டியைக் கிளப்புன பையன். சாயந்தரம் வர்ல. டீக்கடைக்காரன் அந்தக் கணக்கை இன்னும் அடிக்காம வெச்சிகினு கீறான். நீ இன்னாடான்னா முத வரியிலயே "இது ஏன் நடந்தது?"ன்னு கேட்டு, ரெண்டாம் வரியிலயே பதிலும் எழுதிட்ட. மெட்ராஸ்ல நாலு வருஷம் வேதம் படிச்சா கடவுளுக்கே குமாஸ்தா ஆயிடலாமா?

யோபு கதை படிச்சியா? பரீட்சைக்குப் படிச்சிருப்ப. அவரு கூட்டாளிங்க மூணு பேரு, ஏழு நாளு தரையில குந்திகினு ஒரு வார்த்தை பேசல. அது வரைக்கும் தங்கமானவங்க. அப்புறம் வாயைத் தொறந்தாங்க பாரு, புஸ்தகமே நீண்டுபோச்சு. கடசீல கடவுள் வந்து அவங்க மேலதான் கோவப்பட்டாரு. புலம்பின யோபு மேல இல்ல.

நம்ம திருவண்ணாமலையில மட்டும் இன்னா வாழுது? 2024-ல ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிகிட்ட கரையேறி, மறுநாளு நம்ம மலை மேல கொட்டித் தீத்துச்சே. டிசம்பர் 1 சாயந்தரம் வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சி ஏழு பேரு போனாங்க. அதுல அஞ்சு பேரு புள்ளைங்க. பொணத்தை இன்னும் எடுத்து முடிக்கல, டீக்கடையில தீர்ப்பு எழுதி முடிச்சிட்டானுங்க. ஒருத்தன் மலைக்குக் கோவம்ன்றான், ஒருத்தன் அடிவாரத்துல வூடு கட்டின பாவம்ன்றான், நம்ம ஜெபக்கூட்டத்து ஆளு ஒருத்தன் கடைசி காலம்ன்றான். மண்ணு தண்ணி குடிச்சா சரியும், பாறை உருளும். பாறைக்குப் பாவபுண்ணியக் கணக்கு எழுதத் தெரியுமாடா?

சீலோவாம்ல கோபுரம் வுழுந்து பதினெட்டு பேரு செத்தாங்களே, அவங்க மத்தவங்களவிடப் பெரிய பாவிங்களான்னு இயேசு கேட்டாரு. இல்லவே இல்லன்னு அவரே பதிலும் சொன்னாரு. இவ்ளோ பெரிய கோபுரத்தை வெச்சிகினு கீற ஊர்ல அந்த வசனத்தை எவனும் பேசமாட்டேன்றானே!

அந்த வருஷம் தீபத்துக்கு மலை ஏற பக்தருங்களை வுடல. ஆனா டிசம்பர் 13-ஆம் தேதி சாயந்தரம் கொப்பரையில தீபம் ஏறிச்சு. நான் வேதக்காரன்தான், மாடியிலேர்ந்து பாத்துகினே நின்னேன். கண்ணு இருக்குதே, இன்னா பண்றது? உங்க ஆயர்கிட்ட சொல்லித் தொலைக்காத.

உங்க ஆயா செத்தப்ப நீ சின்னப் புள்ள. சபைக்காரர் ஒருத்தர் வந்து, "ஆண்டவர் தம்ம தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறிச்சிகினாரு"ன்னாரு. பரலோகத்துல பூவுக்கு அவ்ளோ பஞ்சமாய்யான்னு கேட்டுட்டேன். மனுஷன் ஆறு மாசம் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லல. அன்னிக்கு மாட்டை யாரும் நெனைக்கல. மாட்டுக்குச் சாவு தெரியுமா? மடி கட்டிகினு கத்துது. பக்கத்து வூட்டுக்காரர், நெத்தி நெறைய விபூதி, ஒண்ணும் பேசாம சொம்பை எடுத்துகினு போயி கறந்தாரு. பாலைக் காய்ச்சிக் குடுத்துட்டு, கன்னுக்குட்டிய அவுத்து வுட்டுட்டுப் போயிட்டாரு. அந்தச் சொம்புல பாலு பீச்சுன சத்தம் இன்னும் காதுல கீது. அடக்கத்துல பேசின பிரசங்கம்? சத்தியமா ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல.

மொறைக்காத. "அப்ப உயிர்த்தெழுதலைப் பத்திப் பேசவே கூடாதா தாத்தா"ன்ற. பேசு. ஆனா லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப்போறோம்னு தெரிஞ்ச இயேசுவே கல்லறைகிட்ட அழுதாரு. தெரியாத உனக்கு இன்னாடா அவ்ளோ அவசரம்?

பெரிய நோவுன்னா "வேலூருக்கு எடுத்துகினு போ"ன்றோமே, அந்த ஆஸ்பத்திரி எங்க மொளைச்சுது தெரியுமா? திண்டிவனத்துல. மிஷனரி வூட்டுப் பொண்ணு ஐடா ஸ்கடர், எனக்கு இந்த ஊழியமே வாணாம்னு அமெரிக்கா திரும்ப நெனைச்சிகினு இருந்தாங்க. ஒரே ராத்திரியில மூணு புருஷனுங்க கதவைத் தட்டினாங்க, ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், ஒருத்தர் வேற ஜாதி இந்து. பொண்டாட்டிக்குப் பிரசவம், ஆம்பள டாக்டர் பாக்கக்கூடாது. டாக்டர் அவங்கப்பா, இவங்களுக்கு வைத்தியம் தெரியாது. விடியறதுக்குள்ள மூணு பொம்பளைங்களும் செத்துட்டாங்க. ஏன்னு நாலு பக்கம் எழுதினாங்களா? கப்பல் ஏறிப்போயி டாக்டருக்குப் படிச்சிட்டு 1900-ல திரும்பி வந்தாங்க. 1918-ல வேலூர்ல பொம்பளைங்களுக்கு டாக்டர் பள்ளிக்கூடமே தொறந்தாங்க. ஆனா அந்த மூணு பேரு திரும்பி வர்ல. அதை முழுங்கிட்டு "எல்லாம் நன்மைக்கே"ன்னு கதையை முடிக்கிறவனை நான் நம்பமாட்டேன்.

ஏழு வயசுல நீ மல்லாட்டை வெதைச்சது ஞாபகம் கீதா? கொல்லையில பத்துக் கொட்டை ஊனிட்டு, மொளைச்சுதா மொளைச்சுதான்னு தெனம் தோண்டிப் பாத்த. தோண்டினதுல ஒண்ணுகூட வர்ல. ஓரமா ஒண்ணை மறந்து வுட்டியே, அதுதான் மொளைச்சுது. பவுலு ஐயாவும் பொதைக்கிறதை வெதைன்னுதான் எழுதறாரு. அந்தப் பையனை இன்னிக்குத்தான் பொதைக்கப் போறாங்க, நீ அதுக்குள்ள மம்புட்டியோட போய் நிக்காத.

அந்தத் தூக்கை எடு. கஞ்சி கீது, மூடியை நல்லா அழுத்து. அந்தப் பையனோட அம்மா நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படலியாம். வாங்கலைன்னா கீழ வெச்சிட்டுப் பக்கத்துல குந்து. பைபிளா? எடுத்துகினு போ, பையிலயே இருக்கட்டும், அவங்க கேட்டா எடு. தாளை இங்க குடு, அடுப்பு பத்த வெக்கணும்.

போற வழியில டீக்கடையில அந்தப் பையன் கணக்கைக் கேட்டுக் குடுத்துடு. வாங்கமாட்டான். இருந்தாலும் கேளு.