இடப்பாகம் யாருக்கு?

தை 2ஆம் நாள், மாட்டுப்பொங்கலன்று, திருவண்ணாமலை திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் சண்டை. அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சுவாமி மறுநாள் 14 கிலோமீட்டர் கிரிவலம் போவார். வீடு யாருக்கு என்பது அங்கேயே தீர்ந்தது. வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. இத்தனைக்கும் சுவாமி உடம்பிலேயே இடப்பாகம் அம்மனுக்கு. கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் வெளியே வந்து அத்தாட்சி காட்டுகிறார்.

இப்படியெல்லாம் அவசரப்படுவது தெய்வங்களின் வழக்கம். நம் சட்டம் நிதானமானது. தம்பதி பிரியும்போது, 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்யாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எவ்வளவு நியாயம்! கணவர் பெயரில் உள்ள மாடி வீடு கணவருக்கு; மொய்யில் வந்த மிக்ஸியில் பாதி மனைவிக்கு. மோட்டார் அவர் பக்கம், ஜார் மூடி இவர் பக்கம். முப்பது வருஷம் சமைத்தாளே என்கிறீர்களா? சாம்பாருக்குப் பட்டா உண்டா?

2023இல் சென்னை உயர் நீதிமன்றம்தான் காரியத்தைக் கெடுத்தது. கணவர் சவுதியில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதி என்று சொல்லிவிட்டது.

கணவன்மார் கலங்க வேண்டாம். பத்திரத்தை இன்றே உங்கள் அம்மா பெயருக்கு மாற்றிவிடுங்கள்.